பாஸ்போட்டைக் கிழிச்சுப் போடு

சுவிசில் ஆரா நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் கனகாலமாகச் சட்டி கழுவுகிற தயாபரனிடம் புத்தி கேட்காமல் சொந்தத்துக்குள் ஒருத்தரும் வெளிநாட்டுக்கு வெளிக்கிடமாட்டினம். கேளாவிட்டாலும் மனிசன் விடாது, சொல்லும். இத்தாலியில் பாஸ்போட்டைக் கிழித்தெறிந்துவிட்டு மலையேறிச் சுவிசுக்குள் இறங்கிய ஆளல்லோ! "கடதாசி இல்லாதவனை எந்த நாட்டுக்கடா திருப்பி அனுப்புவான்?" கலியாணவீடு, செத்தவீடு எல்லாம் இதே பெருமைதான்.

தங்கச்சி பிரசாந்தினியின் புருசன் அருட்செல்வன் கனடா போகவென்று பிரேசிலில் போய் இறங்கினான். அங்காலே பெரு நாடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆறு. பாலத்தில் பொலிஸ் நின்றதால் ஏஜென்சிக்காரன் ஆட்களைத் தண்ணிக்குள் இறக்கப் பார்த்தான். தயாபரன் போனில் சொன்னார்:

"மச்சான், இறங்க முதல் பாஸ்போட்டைக் கிழிச்சுப் போடு. பிடிச்சாலும் ஊருக்கு அனுப்பேலாது."

அருட்செல்வன், பாவம், சொல்வழி கேட்கிற பிள்ளை. ஆற்றில் நல்ல வெள்ளம். நாலு பேர் இறங்கி மூன்று பேர்தான் கரையேறினவை. ஏறினதில் ஒருத்தன் தயாபரனுக்குப் போன் எடுத்துச் சொன்னான்: "அண்ணை, அருட்செல்வனைக் காணேல்லை. இறங்க முதல் அவர் பாஸ்போட்டைக் கிழிச்சதை நான் கண்டனான்."

குசினியில் கூட வேலை செய்கிற போர்த்துக்கீசக்காரி ஃபெர்னாண்டாவைக் கெஞ்சி அந்த ஆற்றங்கரைப் பொலிசுக்குப் போன் எடுப்பித்தார். அவள் கதைத்துவிட்டு அவருடைய முகத்தைப் பார்க்காமல் ஜெர்மனில் சொன்னாள். ஒரு ஆம்பிளைப் பிரேதம் ஒதுங்கினதாம். முகம் அடையாளம் தெரியவில்லையாம். கையில் ஒரு கடதாசியும் இல்லை. இரண்டு கரைக்காரரும் தங்கட ஆள் இல்லையென்று சொல்லிவிட்டார்களாம். பேரில்லாமல் மண்ணுக்குள் தாட்டாச்சு. தயாபரன் அதை அப்படியே தங்கச்சிக்குச் சொன்னார், ஒரு விசயத்தைத் தவிர.

அடுத்தநாள் அவளே போன் எடுத்தாள். குரலில் அழுகையில்லை, ஐயோ, சந்தோசம்!

"அண்ணை, அந்தப் பிரேதத்தில பாஸ்போட் இல்லைத்தானே? அப்ப அது இவரில்லை. பொலித்தீனில சுத்தி இவற்ற இடுப்பில கட்டிவிட்டதே நான்தான். பொட்டை அழி, தாலியைக் கழட்டு எண்டு ஒருத்தரும் என்னட்ட வரக்கூடாது, சொல்லிப்போட்டன்!"

ஓம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். சொன்னால் அவள் சாகும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பிள்ளை, அதைக் கிழிக்கச் சொன்னது நான். அவன் கிழிச்சவன்."



"அப்ப, ஆரெண்டு தெரியாமலோ அவரைத் தாட்டவை?"

"ஓம்."

"உங்கட சொல்லைக் கேட்டதாலயோ, அண்ணை?"

"ஓம்," என்றார்.

அவள் போனை வைத்தாள். அதற்குப் பிறகு அவரை அண்ணை என்று அவள் கூப்பிட்டதேயில்லை.