பெயர் கேட்காத சபை

கிருஷ்ணமூர்த்தியின் தொண்டை துறைமுகத்தில் வளர்ந்தது. கப்பலடியில் நின்று கிரேன்காரரிடம் கத்திக் கத்தியே வேலைக்காலத்தை ஓட்டினவர். ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊரான கடலூருக்குத் திரும்பாமல் வங்காளத்தின் பெஹாலாவிலேயே தங்கியதற்கும் அந்தத் தொண்டைதான் காரணம். அங்கே தமிழர்கள் நடத்தும் சன்மார்க்க சபையில் தினமும் மதியம் சோறு போடுவார்கள். பந்தி முடிந்ததும் ஒருவர் வாசல் கேட்டுக்குப் போய், "இன்னும் பசியோடு யாராவது உண்டா?" என்று வங்காள மொழியில் மூன்று முறை தெருவைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால்தான் சபைக்காரர்கள் தங்களுக்கு இலை போட்டுக்கொள்ளலாம். கூப்பிடும் வேலை அவருடையது.

சாப்பிட வருபவரிடம் பெயர் கேட்கக் கூடாது என்பது இன்னொரு விதி. பெயர் தெரிந்தால் சாதி தெரியும், மதம் தெரியும், கரண்டி தானாகத் தயங்கும். இதைச் சுவரில் பெரிதாக எழுதிவைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

குடியுரிமைக் காகிதம் இல்லாத ஆட்களை அரசாங்கம் சல்லடை போட்டுத் தேடத் தொடங்கியபோது பெருமைக்குச் சோதனை வந்தது. ஒரு அதிகாரி வந்தார். பாயசம் குடித்தார். பெயர் கேட்டு அடையாளக் கார்டு பார்க்காமல் சோறு போட்டால் சபைக்குப் பூட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

"சபை இருந்தாத்தானே சார் சோறு? பேரைத்தானே கேக்கறோம், அன்பா கேட்டுட்டாப் போச்சு" என்றார் செயலாளர் ஜெய்ராம். எல்லோரும் தலையாட்டினார்கள். கிருஷ்ணமூர்த்தியும் ஆட்டினார். சுவரெழுத்தின் மேல் ஒரு காலண்டரை மாட்டினார்கள்.

மறுநாள் கேட்டில் முதலில் நின்றவள் நீலப் புடவை மாஷி; அங்கே சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வருஷக்கணக்காக வருபவள். மூங்கில் கூடையைக் கேட்டுக்கு வெளியே மதிலோரம் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்காருவாள். சாம்பார் வந்தால் இன்னும் கொஞ்சம் என்பாள். வேறு பேச்சு கிடையாது.

"நாம் கி, மாஷி?" என்றார் கிருஷ்ணமூர்த்தி. பெயர் என்ன? அன்பாகத்தான் கேட்டார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கூடையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

அன்று பந்தி பாதிகூட நிரம்பவில்லை. பழக்கதோஷத்தில் அவர் கேட்டுக்குப் போய்க் கூப்பிட்டார். மூன்றாவது முறை, மிக அருகில், "ஆமி" என்று ஒரு பெண்குரல் சொன்னது. நான். வெயில் கொளுத்திய தெருவில் ஆளே இல்லை. திரும்பினால், உள்ளே அதற்குள் இலை போட்டுக்கொண்டுவிட்ட சபைக்காரர்கள் எல்லோருடைய கையும் இலைமேல் அப்படியே நின்றிருந்தது.

"யாரும் இல்லல்ல? வாங்க சார், ரசம் ஆறுது" என்றார் ஜெய்ராம், நிமிர்ந்து பார்க்காமலே.

மறுநாளும் குரல் வந்தது. கூப்பிடுவதை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார். பிறகு கூப்பிடாமலே பதில் வந்தது.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. ஒரு இலையில் சோறு போட்டு, சாம்பாரைத் தாராளமாக ஊற்றி, கேட்டுக்கு வெளியே கூடைப் பக்கத்தில் வைத்தார். கையிலிருக்கும் மீனையே பிடுங்கித் தின்கிற பெஹாலாக் காக்கைகள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து இலையைப் பார்த்தன. ஒன்றும் இறங்கவில்லை. படைத்த சோற்றைக் காக்கை தொடாவிட்டால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். அழுகை வந்தது.

கூடையை எடுத்துக்கொண்டு அவளைத் தேடிக் கிளம்பினார். முனை டீக்கடைக்காரரிடம் புடவை, உயரம், நடை எல்லாம் சொன்னார்.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாம் கி?" என்றார்.

கிருஷ்ணமூர்த்தி கூடையைப் பிடித்தபடி நின்றார். அந்தப் பெரிய தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை.