அக்காவின் காரைக் கட்டி இழுத்த நாள்

பாரிசவாதம் வந்ததிலிருந்து அக்காவின் இடது காலில் பலமில்லை. கிளட்ச் மிதிக்க முடியாததால் ஓட்டோமெட்டிக் கார் ஒன்று வாங்கினாள். லண்டன் வெம்பிளியில் எங்களோடுதான் இருந்தாள். ஆனால் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோய் விடச்சொல்லி யாரிடமும் கேட்டதில்லை.

சென்ற கோடையில் என் கணவர் பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கினார். படுக்கையும் காஸ் அடுப்பும் உள்ள வண்டி. கடற்கரையில் ஒரு வாரம் தங்கலாம் என்றார். அக்கா மட்டும் பிடிவாதமாக நின்றாள்.

“என்ரை கார் இல்லாமல் நான் வரேல்லை. அங்க வந்து வண்டிக்குள்ள அடைஞ்சு கிடக்கவோ?”

அதனால் காரையும் பின்னால் கட்டி இழுப்பதென்று முடிவானது. காரின் மூக்கை ஓர் இரும்புச் சட்டத்தால் மோட்டார்ஹோமோடு கொளுவினால், நான்கு சில்லுகளும் தரையில் உருண்டபடி அது பின்னால் வரும்.

“ஓட்டோமெட்டிக் காரை இப்பிடி இழுக்கலாமோ?” என்று கேட்டேன்.

“நியூட்ரலில விட்டால் சில்லு தன்ரை பாட்டில சுத்தும். இருவது வருஷம் பஸ் ஓடினவனுக்கு நீர் சொல்லித் தாறீரோ?”

கணவர் கேட்டுக்கொண்டே சட்டத்தைக் கொளுவினார்.

காலையில் நோர்த் சேர்குலர் வீதியில் ஏறினோம். நான் கணவருக்குப் பக்கத்தில். அக்கா பின் இருக்கையில். பின்பக்கக் கமெராவின் சின்னத் திரையில் காரின் முகம் ஆடி ஆடி வந்தது. லண்டனின் மேற்கிலிருந்து கிழக்குக்கு வந்து, பார்க்கிங் என்ற ஊரை நெருங்கும்போது திரை மங்கியது. கண்ணாடியில் தூசி படிந்திருக்கும் என்று நினைத்தேன். அப்போது பக்கத்தில் வந்த வான்காரர் ஹோர்ன் அடித்து, பின்னால் கையைக் காட்டினார்.

“இவனுக்கென்ன விசரோ?” என்றார் கணவர்.

திரையை மறுபடி பார்த்தேன். காரைக் காணவில்லை. வெள்ளைப் புகைதான் தெரிந்தது.

“நிப்பாட்டுங்கோ! கார் புகையுது!”

நிறுத்த இடமில்லை. இடப்பக்கம் மதில், வலப்பக்கம் லொறிகள். அக்கா இருந்த இருக்கைக்குக் கீழேதான் இரண்டு காஸ் சிலிண்டர்களும் இருந்தன. விலகும் பாதை ஒன்று வந்ததும் கணவர் அதில் ஏற்றி ஓரமாக நிறுத்தினார். அக்காவின் கக்கத்தில் கையைக் கொடுத்து இறக்கினேன். மூன்று படிகள்தான். அவளுடைய கால் ஒவ்வொரு படியிலும் தங்கித் தங்கி வந்தது.

காரின் அடியிலிருந்து எண்ணெய் ஒழுகிப் புகைந்தது. கருகிய மணம் தொண்டையை அடைத்தது. காரைக் கழற்றிவிடக் கணவர் சட்டத்தின் ஆணியைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. ஏற்றத்தில் நின்றதால் காரின் பாரம் முழுவதும் அதில் தொங்கியது. வான்காரரும் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். மோட்டார்ஹோமைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தால் தான் ஆணியைக் கழற்றுவதாகச் சொன்னார்.

“கழற்றினால் கார் உருண்டிடும்! நீர் போய் ஹான்ட்பிரேக்கைப் போடும்!” என்று கணவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

“உள்ள போகாத! கார் போனால் போகட்டும்!” அக்கா வீதியோரத் தடுப்புக்கு அப்பாலிருந்து அலறினாள்.

போனேன். எப்படிக் கதவைத் திறந்தேன் என்று தெரியாது. காரின் தரை காலுக்குக் கீழே சுட்டது. ஹான்ட்பிரேக்கை இரு கையாலும் இழுத்துவிட்டு வெளியே விழுந்தேன். மோட்டார்ஹோம் ஒரு சாண் பின்னுக்கு வந்தது. ஆணி கழன்றது. கணவர் மோட்டார்ஹோமை முன்னே ஓட்டிக்கொண்டு போனார்.

தீயணைப்பு வண்டி வந்தது. தீ பிடிக்கவில்லை. காரை ஏற்றிச்செல்ல வந்த லொறிக்காரர் அடியில் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இந்தக் காரில் எஞ்சின் ஓடினால்தான் கியர்பெட்டிக்குள் எண்ணெய் சுழலும்; நியூட்ரலில் விட்டாலும் எஞ்சினை நிறுத்திவிட்டு இழுத்தால் உள்ளே காய்ந்து எரிந்துவிடும்.

கணவர் தலையைக் குனிந்தபடி அக்காவிடம் போனார்.

“என்னில பிழை, அக்கா.”

“ஓம், உங்களிலதான் பிழை,” என்றாள் அவள். பிறகு என் கையைப் பிடித்தாள். “இவளை ஏன் உள்ள அனுப்பினீங்கள்?”

வீட்டுக்குத் திரும்பினோம். அவர் மோட்டார்ஹோமை விற்றுவிட்டார். அக்கா பங்குனியில் வேறொரு ஓட்டோமெட்டிக் எடுத்தாள். அதில் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வழி நெடுக, பின்னால் வரும் வண்டிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.