எல்லாரும் கடலைச் சொன்னபோது காய்ச்சலைக் கேட்டவர்

டொக்டர் மெட்டில்டா காலமாகிவிட்டார் என்று போன் வந்தபோது சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வடித்த சோற்றைத் திரும்பவும் அடுப்பில் ஏற்றி, அதையே பார்த்துக்கொண்டு நின்றேனாம். மகள்தான் வந்து இறக்கினாள்.

வாகரையில் என் கணவரைச் சுனாமி கொண்டுபோனது உங்களில் பலருக்குத் தெரியும். பிறகு, சண்டை மறுபடி மூண்டிருந்த காலம், நாவற்குடாவில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தபோது எனக்குப் புத்தி தடுமாறியதாம். பெற்ற மகளையே, "இது ஆர்ர புள்ள?" என்று கேட்டேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. "சுனாமியில அடிபட்ட மனசு, இப்பதான் காட்டுது" என்றார்கள். அந்த நாட்களில் எங்கள் பக்கம் யாருக்கு என்ன வந்தாலும் பழி கடலுக்குத்தான். கணவரின் அக்கா, என் மச்சாள், மகளின் உடுப்புகளைக் கட்டிவிட்டார். "பைத்தியத்துக்கிட்டப் பச்சப் புள்ளய விடேலுமா?"

வெள்ளைக்காரர் வழிவந்த பறங்கிக் குடும்பத்துப் பெண்ணான டொக்டரின் வாயைப் பற்றி, அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. "கடல விடுங்க! இந்தப் புள்ளைக்கு முன்னுக்குக் காய்ச்சல் வந்ததா?" என்று, என்னைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வார்ட்டில் நின்று கத்தினாராம். வந்திருந்தது. அதைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. சோதனைச் சாவடிகளைத் தாண்டி என்னைக் கொழும்புக்கு அனுப்பினார். ஸ்கானில் மூளையின் நடுவே சின்ன வெள்ளைத் திட்டு. மச்சாளிடம் அடித்துச் சொன்னாராம்: "இது பைத்தியமில்ல. மூளையில லேசான வீக்கம். அருமையா, எங்கயோ ஒருத்தருக்குத்தான் வரும், வந்தாத் தானா வத்திரும். தாய்க்கிட்ட இருந்து புள்ளயப் பிரிக்காதீங்க."

அப்படியே தெளிந்தேன். அடுத்த ஸ்கானில் திட்டைக் காணவில்லை.

"அப்ப ஏன் டொக்டர் எனக்கு இது வந்த?"

"நோய்க்குப் பேர் சொல்லுவன் மனே. ஏன் வந்ததெண்டு எனக்கும் தெரியா."

எனக்கு எரிச்சலாக வந்தது. படித்தவருக்கே தெரியாவிட்டால் நான் எங்கே போவது?

சில மாதங்களுக்கு முன், படுக்கையில் கிடந்தவரைப் பார்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னட்ட ஒண்டு சொல்லாம வெச்சிருக்கன். வார்ட்டில நீ உன்ட மனுசனோட கதைச்சுக் கதைச்சுச் சிரிச்ச. அவர் இருக்காரெண்டே நினைச்ச. நாந்தான் உன்னத் தெளியவெச்சு, அவர ரெண்டாந்தரம் சாகவெச்சன்." அவர் அழுதார். எனக்கு நன்றி சொல்வதா, சண்டை பிடிப்பதா என்றே விளங்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கணவரோடு நான் என்ன கதைத்தேன், எதற்குச் சிரித்தேன் என்று கேட்காமலே வந்துவிட்டேன். அதைக் காதால் கேட்டிருந்த டொக்டர் இப்போது இல்லை. டொக்டரால் என்னிடம் இருப்பது என் மகள். அது போதும் என்று சொல்லத்தான் பார்க்கிறேன், வாய் வருகிறதில்லை.