ராசம்மா கொடுவா பிடித்த புதன்கிழமை

ராசம்மாவால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. 1931இல் ரப்பர் விலை விழுந்ததும், ஜொகூரில் கோத்தா திங்கிக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்னத் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் பால்வெட்டு என்றாகிவிட்டது. மற்ற நாட்களில் பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்கினாள். காய்ந்த துணியை எடுத்து மறுபடி அலசினாள். சிங்கப்பூரில் வேலை தேடிப் பார்க்கிறேன் என்று புருஷன் வேலு போய்ப் பத்து வாரம். ஒரு கடிதமும் இல்லை.

ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்களைக் கப்பலேற்றுவதற்காகத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பெயர் எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமையோடு பட்டியல் முடியும். பக்கத்து வீட்டுச் செல்லத்துக்கு அந்த வாரம் முழுக்க இதே பேச்சு.

“பேரக் குடுத்துடு ராசம்மா. இங்க தனியா கெடந்து என்ன பண்ணப் போற?”

“அவரு வந்து கேட்டா?”

“வந்தாத்தானே கேக்கறதுக்கு!”

புதன்கிழமை வேலை இல்லை. செல்லத்தின் வாய்க்குத் தப்பி ராசம்மா ஆற்றுப் பக்கம் நடந்தாள். இரண்டு நாள் மழையில் ஜொகூர் ஆறு சேறு கரைந்து பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. இடிந்த மரப் படகுத்துறையில் மினா மீன் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரி. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு மீன் விற்க வந்து வந்தே தமிழ் பழகியவள். லயத்தில் எல்லோருக்கும் அவள் மீனா.

“மீனா, நானும் புடிக்கட்டுமா?”

கேட்டது தன் வாய்தானா என்று ராசம்மாவுக்கே ஆச்சரியம். சேலம் பக்கத்து வறண்ட ஊரில் பிறந்தவள். தூண்டிலைத் தொட்டதே கிடையாது.

மினா முள்ளில் உயிர் இறாலைக் கோத்து, கட்டையில் சுற்றிய கயிற்றை அவளிடம் நீட்டினாள். “இங்க சியாக்காப் இருக்கு. உங்காளுங்க கொடுவா சொல்லுவாங்க.”

ராசம்மா கயிற்றை வீசிய மறு நிமிடமே இழுத்துப் பார்த்தாள். பிறகும் இழுத்தாள். மூன்று இறால் வீணாய்ப் போனது.

“அலமாக்! சும்மா உக்காரு லா. இழுத்துக்கிட்டே இருந்தா மீன் எப்படி வரும்?”

“உக்கார முடியலையே மீனா.”

“அப்ப நில்லு. கைய மட்டும் சும்மா வை.”

நின்றாள். கால் மாற்றி மாற்றி நின்றாள். கையை மட்டும் அசைக்கவில்லை. கடல் ஏற்றம் தொடங்கி ஆற்று நீர் உயர்ந்தபோது கயிறு வெடுக்கென்று ஓடியது. நடு ஆற்றில் பெரிய மீன் ஒன்று முழுசாக எழும்பித் தலையை உதறிவிட்டு விழுந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்தது.

“விட்டுக் குடு, அப்புறம் இழு!” என்று மினா கத்தினாள்.

விட்டாள், இழுத்தாள். மீன் துறைக்கு அடியில் புகுந்து கயிற்றைத் தூணில் சுற்றியது. ராசம்மா யோசிக்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். தொடை வரை சேறு.

“ஏறு! முதலை இருக்கு! போன மாசம் ஆடு போச்சு!”

அது காதில் விழத்தான் செய்தது. ஆனாலும் தூணைத் தடவிக் கயிற்றை விடுவித்து, மீனை இழுத்தபடியே கரைக்கு ஏறினாள். மேட்டில் மீன் துள்ளியபோது செவுளைப் பற்றினாள். அதன் விளிம்பு கத்திபோல விரலைக் கிழித்தது. கடைசியில் அதன் மேலேயே விழுந்து அமுக்கினாள். மினா ஓடி வந்து வாலைப் பிடித்தாள்.

சேற்றில் உட்கார்ந்தபடியே ராசம்மா ஓவென்று அழத் தொடங்கினாள்.

“ரொம்ப வலிக்குதா?”

“அவரு உசிரோட இருக்காரான்னே தெரியல மீனா.”

இந்தச் சொல்லை அதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மினா முக்காட்டின் ஓரத்தைக் கிழித்துக் கையைக் கட்டினாள். பிறகு கேட்டாள்:

“தெரியலன்னா போய்ப் பாக்கலாம்தானே? நாளைக்கு என் தம்பி லோரி ஜொகூர் பாரு போகுது.”

ராசம்மா அவள் முகத்தையே பார்த்தாள். இத்தனை வாரத்தில் இது தனக்குத் தோன்றவேயில்லை.

மீனில் பாதி மினாவுக்கு, பாதி லயத்துக்கு. செல்லம் வீட்டு அடுப்பில்தான் குழம்பு கொதித்தது.

“பேரு குடுக்கலக்கா. நான் அவரத் தேடிப் போறேன்,” என்றாள் ராசம்மா.

“ஒத்தப் பொம்பளையாவா?” என்று செல்லம் அதட்டினாள். ஆனால் விடியும்போது சோறு கட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

லோரி ஜொகூர் பாருவில் இறக்கிவிட்டது. சிங்கப்பூருக்குப் போகும் கடல் பாலத்தை நடந்தே தாண்டி, தமிழாட்கள் வேலை செய்யும் இடமெல்லாம் கேட்டாள். நான்காம் நாள், கல் உடைக்கும் இடத்துக் கொட்டகை ஒன்றில் வேலு கிடந்தான். பாறை உருண்டு கால் முறிந்திருந்தது. கூட வேலை செய்த ஒருவனிடம் இரண்டு முறை கடிதம் எழுதச் சொன்னானாம். எழுதுகிறேன் என்றவன் எழுதவேயில்லை.

அவளைப் பார்த்ததும் வேலு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

“இந்தக் காலோட உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

“மூஞ்சத் திருப்புங்க மொதல்ல,” என்றாள் ராசம்மா. “சாப்பிட்டீங்களா?”

அன்று மாலையே பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் வேலை கேட்டு வாங்கிவிட்டாள். தை பிறந்தபோது வேலு தடியில்லாமல் நடந்தான். ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தான்.