நாய்க்குட்டி வாங்கப் போய்ச் சொன்ன பொய்

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதம், கோத்தகிரிப் பக்கமுள்ள எங்கள் ஊரிலிருந்து குன்னூருக்கு நாய்க்குட்டி வாங்கப் போனேன். முப்பத்தாறு வருடம் தேயிலை பறித்து, ஓய்வுப் பணத்தில் நானே கட்டிய வீடு என்னுடையது. மகன் திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறான். மூடுபனி இறங்கிக் கதவைச் சாத்தினால் காலை வரை பேச ஆள் கிடையாது.

ரோட்டோரம் கூடையில் வைத்து விற்பவர்களிடம் வாங்காதே, தாயோடு இருக்கிற குட்டியைப் பார்த்து வாங்கு என்று மாட்டு டாக்டர் ஒரு வீட்டைச் சொல்லியிருந்தார். அங்கே ஒரு நடுத்தர வயது அம்மா நாய் வளர்த்துக் குட்டி விற்றார். தாய் நாய் பக்கத்திலேயே படுத்திருந்தது. ஐந்து குட்டிகள். அதில் ஒன்று வந்து என் புடவை ஓரத்தைக் கடித்து இழுத்தது. இதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அந்த அம்மா விலையே பேசவில்லை.

"ராத்திரி குட்டி எங்கீங்க படுக்கும்? வெளிய கட்டுனா சிறுத்தை தூக்கிட்டுப் போயிருமுங்க."

"என் கட்டிலுக்குப் பக்கத்துலதானுங்க."

"ஊட்ல யார் யாருங்க இருக்கீங்க?"

கிழவி தனியாகக் கிடக்கிறாள் என்று பாவப்பட்டுவிடுவாரோ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"மகன், மருமக, ரெண்டு பேரப் பசங்க. அவங்க ரெண்டு பேரும் வேலைக்கு, பசங்க பள்ளிக்கூடம். எனக்கும் ஊடு தங்க நேரமில்லீங்க."

"அப்ப பகலெல்லாம் குட்டி தனியாக் கெடக்குமுங்களே. கோவிச்சுக்காதீங்கம்மா, பகல்ல ஆளில்லாத ஊட்டுக்கு நான் குடுக்கறதில்லீங்க."

"பொண்ணு கேட்டா வந்தேன்? நாய்க்குட்டிதானுங்க கேட்டேன்!" என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஊர் திரும்பும் பஸ் கட்டபெட்டு தாண்டிய பிறகுதான் கோபம் இறங்கி உறைத்தது. நாள் முழுக்க வீட்டில் இருக்கிறவளைத்தானே அவர் தேடினார்! உண்மையைச் சொல்லியிருந்தால் குட்டி இந்நேரம் என் மடியில் இருந்திருக்கும்.

மூன்று நாள் யோசித்தேன். அக்கம்பக்கத்தில்கூட, மகன் அடுத்த மாதம் வந்து கூட்டிப் போகிறான் என்றே சொல்லி வந்தவள் நான். நான்காம் நாள் மறுபடி போனேன். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றேன்.

"அன்னிக்குச் சொன்னது பொய்யிங்க. ஊட்ல நான் ஒருத்திதான்."

வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் சிரிக்கவில்லை, ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. "உங்களுக்கு மேலுக்கு முடியாமப் போனா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். அதற்கும் அவரே வழி சொன்னார்.

"ஒரு போன் பண்ணுங்க, நானே வந்து கூட்டிக்கறேன். நாய்க்கு எத்தனை வயசானாலும் சரி. வேற யாருக்கும் குடுத்துறாதீங்க" என்று ஊசி போட்ட சீட்டையும் குட்டியையும் கையில் கொடுத்தார்.

குட்டி வளர்ந்து இப்போது என் கட்டிலடியில் படுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்து, "நல்லாருக்கியாம்மா?" என்று கேட்டால், "எனக்கென்ன கொறை சாமி" என்றுதான் இன்றும் சொல்கிறேன். ஒரு நாய்க்குட்டிக்காக முன்பின் தெரியாதவரிடம் சொல்ல முடிந்ததை, பெற்ற பிள்ளையிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.