பிடரியைப் பார்க்காத வாச்சர்

ராஜனைப் பதினொரு மணிக்குள் கோர்ட்டில் ஆஜராக்க வேண்டும். அவனை அங்கே அனுப்பும் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவன் நான்தான்.

ராஜன் கேரளத்துப் போனக்காடு எஸ்டேட்டில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் குடியிருப்பவன். அவன் கூண்டில் வைத்திருந்த சாம்பல் நிற முயலைக் காட்டுமுயல் என்று யாரோ போன் செய்து சொல்ல, முந்தின நாள் மாலை எங்கள் ஃபாரஸ்ட் ஜீப் அவனையும் முயலையும் ஆபீசுக்கு ஏற்றி வந்தது. காட்டுமுயல் என்றால் வனச் சட்டப்படி ரிமாண்ட். எஸ்டேட் வேலையும் லயத்து வீடும் அதோடு போகும்.

மலையாளியான ரேஞ்சர் சார் என்னைக் கூப்பிட்டார். "சுந்தரா, நீயல்லே காட்டுல பழகின ஆளு. இது காட்டுமுயல் தன்னேயா?"

காட்டுமுயலுக்குப் பிடரியில் கறுப்புத் திட்டு இருக்கும். நான் வாச்சராகச் சேர்ந்த முதல் வாரமே சொல்லித் தந்த பாடம். இந்த முயலோ காதைப் பிடரிமேல் படுக்கவைத்து மூலையில் ஒடுங்கியிருந்தது. கையை விட்டேன். பின்னங்காலால் ஒரு பிறாண்டல். ஒற்றை யானைக்கு எதிரே நின்றவன் என்று பெயரெடுத்த நான் (ஓடுவதற்கு முன் நின்றது உண்மைதான்) கையை இழுத்துக்கொண்டேன். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காட்டுமுயலேதான் சார்" என்றேன். பறிமுதல் பத்திரமான மகஸரில் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் காலை எட்டரைக்குக் கூண்டைப் பார்த்தால், முயல் தன் நெஞ்சு ரோமத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. சொறி என்று நினைத்து ராஜனிடம் கேட்டேன்.

"சொறியில்லண்ணே. குட்டி போடப் போவுது. மெத்தை கட்டுது."

 காட்டுமுயல் மெத்தை கட்டிப் பார்த்ததில்லை. ராஜனிடம் முயலைப் பிடிக்கச் சொல்லி, காதைத் தூக்கினேன். பிடரி முழுக்க ஒரே சாம்பல்.

ரேஞ்சர் சாரிடம் ஓடினேன்.

"சார், நேத்து நான் சொன்னது தப்பு. பிடரியைப் பாக்கவே இல்ல."

"கையெழுத்திட்டது நீயல்லே? ராத்திரி ஒண்ணு, காலையில வேறொண்ணா? அவனும் உன்னைப்போல தமிழன்னு சொல்லியாணோ இந்த மாற்றம்?"

 எந்தத் தமிழனும் எனக்கு இவ்வளவு வேலை வைத்ததில்லை.

"அதுக்கில்ல சார். குட்டி போடட்டும். காட்டுமுயல் குட்டி ரோமத்தோட, கண்ணைத் திறந்துக்கிட்டுப் பொறக்கும். வீட்டுமுயல் குட்டிக்கு ரெண்டும் இருக்காது."

"ஒம்பதரைக்கு ஜீப் எடுக்கும். அதுவரைக்கும் நின்னோ."

நின்றேன். வாசலில் டிரைவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டார். பெஞ்சில் ராஜன் செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான். பிரசவ வார்டு வாசலில் என் சொந்தப் பிள்ளைகளுக்குக்கூட நான் இப்படி வேர்த்ததில்லை.

ஒன்பது இருபத்தைந்துக்கு ரோமக் குவியல் அசைந்தது. ரேஞ்சர் சார் குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். இளஞ்சிவப்பாக, விரல்நீளத்தில் ஐந்து குட்டிகள்.

"ரோமம் இல்ல" என்றார். "கண்ணும் திறந்திட்டில்ல." பிறகு வாசலைப் பார்த்து, "வண்டியை ஆஃப் செய்யடா."

பிடரியைப் பார்க்காமலே கையெழுத்திட்டேன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். மெமோவும் வந்தது. அதே ஜீப்பில் ராஜனை லயத்தில் இறக்கிவிட்டோம். கூண்டை மடியில் வைத்திருந்தவன் வழி நெடுக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானாக இருந்தால் நாலு பேசியிருப்பேன்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். முப்பது வருட சர்வீஸில் ஊர் என்னைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் நான் "தெரியும்" என்று சொன்ன நாட்களில்தான்.