அக்கா வீட்டில் காணாமற்போன பொருட்கள்

எங்கள் அக்கா சாவகச்சேரியில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா இளவயதிலேயே காலமானதால் குடும்பப் பொறுப்பு அக்காவின் தலையில் விழுந்தது. அரசாங்க எழுதுவினைஞராகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் இருந்துகொண்டே எங்களை ஒவ்வொருவராகக் கரைசேர்த்தார். தமக்கென்று ஒரு வாழ்வை அமைத்துக்கொள்ளவில்லை. கணவரை இழந்தபின் நானும் அக்காவின் தொடர்மாடி வீட்டுக்கே வந்து சேர்ந்தேன்.

அக்கா எவரையும் நம்புவார். என் குணம் நேர்மாறு. மீன்காரர் தராசைத் தூக்கினால் நான் அவருடைய விரலைத்தான் பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். அக்கா இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கடந்த வருடம் வீட்டில் பொருட்கள் குறையத் தொடங்கின. முதலில் பழைய அயன்பெட்டி, பிறகு இரண்டு போர்வைகள், ஒரு மடக்குக் கதிரை. நாங்கள் பாவிக்காதவைதான். ஆனாலும் கதிரைக்குக் கால் இருக்கிறதென்று அது நடந்து போகுமா? அக்காவிடம் கேட்டால், உனக்கு இப்போது அது என்னத்துக்கு என்று பேச்சை மாற்றிவிடுவார். அக்காவுக்கு மறதி வந்துவிட்டது, அதை யாரோ பயன்படுத்திக்கொள்கிறார் என்று முடிவு கட்டினேன். யாரோ என்ன, வீட்டுக்கு வந்துபோகிறவர் ஒருவர்தான். பதினொரு வருடங்களாக ஜிந்துப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து எங்களுக்குச் சமைத்துத் தந்த பாக்கியம்.

அலுமாரித் தட்டுகளைக் கைபேசியில் படமெடுத்து வைத்தேன். பாக்கியம் புறப்படும்போது பையின் பாரத்தைக் கண்ணால் அளந்தேன். அக்கா வைத்தியசாலையில் இருந்த ஒரு நாள், லிஃப்ட் வாசலில் வைத்துப் பையைத் திறக்கச் சொன்னேன். உள்ளே எங்கள் பழைய பிரஷர் குக்கர் இருந்தது. புளி போட்டு மினுக்கி, புது வாஷரும் மாட்டியிருந்தது. விற்கத்தான் இந்த அலங்காரம் என்று நினைத்தேன்.

"பெரியம்மாவக் கேளுங்கம்மா," என்றார் பாக்கியம். அக்காவை அவர் அப்படித்தான் அழைப்பார்.

நோயாளியை இதற்காக வருத்துவதா என்று எண்ணி நான் அக்காவிடம் கேட்கவேயில்லை. காவலாளி பார்த்து நிற்க, இனி வரவேண்டாம் என்று பாக்கியத்தை அனுப்பினேன். அன்றே லண்டனிலும் கனடாவிலும் உள்ள உறவுகளை அழைத்து, கள்ளியைப் பிடித்த கதையைச் சொன்னேன்.

வீடு திரும்பிய அக்கா முதலில் தேடியது பாக்கியத்தைத்தான். மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று பொய் சொன்னேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அவவோட ஏதும் கதைச்சனியோ?"

"இல்லை அக்கா."

அக்கா ஒருவரைச் சந்தேகித்து நான் கண்டது அன்று மட்டுந்தான். ஒன்பதாம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

இறுதிக்கிரியைக்கு வந்த, பாமன்கடைப் பகுதியில் தையல் வேலை செய்யும் பெண் ஒருவர், அக்கா கொடுத்தனுப்பிய அயன்பெட்டியைச் சொல்லி அழுதார். குக்கரும் தருவதாகச் சொல்லியிருந்தாராம். வேண்டாத பொருட்களைத் திருத்தி, தேவைப்பட்டவர்களுக்குப் பாக்கியத்தின் கையில் அக்கா அனுப்பியிருக்கிறார். வாங்குபவர்கள் கூசக்கூடாதென்று, என்னிடங்கூடச் சொல்லவேண்டாம் என்பது கட்டளை. அதையும் நான் உடனே நம்பவில்லை. பாமன்கடைக்கே போய்ப் பார்த்தேன். எங்கள் அயன்பெட்டிதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஜிந்துப்பிட்டிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பாக்கியம் இருக்கச் சொன்னார், தேநீர் தந்தார். செத்தவீட்டுக்கு வந்தால் யாராவது ஏதும் சொல்வார்கள் என்று பயந்து வரவில்லையாம். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"கடைசி நேரத்துல பெரியம்மா என்னயத் தேடுனாங்களா?"

"ஓம். ஒவ்வொரு நாளும்."

அதன்பிறகுதான் அவர் அழுதார்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், கிரியைகளை நடத்திய குருக்கள், தூரமென்று பாராமல் வந்து துயரில் பங்குகொண்ட உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்போரில் பலருக்கு நான் அன்று தொலைபேசியில் சொன்னது நினைவிருக்கும். அது உண்மையல்ல. பாக்கியம் எங்கள் வீட்டிலிருந்து எதையும் எடுக்கவில்லை. கடைசி ஒன்பது நாட்களும் அக்காவை அவரிடமிருந்து பிரித்து வைத்தவள் நான்தான்.

தங்கை